போடாத நான்கு துளைகள்

ஜனவரி 9, 1979, செவ்வாய்

பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தாறு. அதோடு காற்று. ஹீட்டர் போட்டு வைத்திருந்தும் பிக்கப் கிளம்ப முக்கால் மணி நேரம் பிடித்தது.

செவ்வாய் என்றால் ஆற்றை அளக்கும் நாள். இந்தக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரை பன்னிரண்டு துளை போட்டு, பனி எவ்வளவு கனத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். எட்டு வரை போட்டேன். இருபது, இருபத்தொன்று, இருபது, இருபத்திரண்டு அங்குலம். குறை சொல்ல எதுவும் இல்லை. எட்டாவதில் கையுறையைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு விரல் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. நடு ஆற்றில் அதற்கு மேல் நிற்க முடியவில்லை, திரும்பிவிட்டேன். மீதி நான்குக்கும் போன வாரத்து அளவோடு இரண்டு அங்குலம் கூட்டிப் புத்தகத்தில் எழுதினேன். இந்தக் குளிரில் பனி வளராமல் என்ன செய்யும்?

கரைப் பலகையில் வண்டி எடை மூன்று டன் வரை என்றிருந்ததை அழித்து ஐந்து டன் என்று எழுதினேன். அக்கரைப் பலகையை மாற்ற, தபால் கொண்டுபோகிறவனிடம் சொல்லி அனுப்பினேன்.

என் புருஷன் எமில் செத்துப் பதினொரு வருஷம். அவன் விட்ட வேலையை நான் எடுத்துக்கொண்டும் பதினொரு வருஷம். கோடையில் வண்டிகளை ஏற்றிக் கடத்தும் மிதவை, குளிரில் உறைந்த ஆற்றின் மேல் பனிப்பாதை. இதுவரை ஒரு கோழிகூட என் ஆற்றில் விழுந்ததில்லை.

ஜனவரி 10

ஆர்விட் வந்தான். சிக்னி கொடுத்தனுப்பிய ஊறுகாய் ஜாடியை மேசையில் வைத்துவிட்டு, பூட்ஸைக் கழற்றாமலே உட்கார்ந்தான். தங்கை புருஷன் என்பதால் திட்டவும் முடியவில்லை.

"அண்ணி, இது காப்பியா, ஆத்துத் தண்ணியக் காய்ச்சி ஊத்திட்டீங்களா?"

"குடிக்கிற வாய் அப்படி."

இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தான். வெள்ளிக்கிழமை வைக்கோல் ஏற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறானாம். "அஞ்சு டன்னுன்னு போட்டிருக்கீங்களே, தாங்குமா?" என்றான்.

தாராளமா வா என்றேன்.

ஜனவரி 12

ஆர்விட் போயிட்டான்.

ஜனவரி 14, ஞாயிறு

எழுதினால்தான் மூச்சு விட முடியும் போலிருக்கிறது.

காலை பத்தரை. சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் லாரி அக்கரைச் சரிவில் இறங்கியது. மெதுவாகத்தான் வந்தான், ஒழுங்காக, பாதை தெரிய வில்லோ மரக்கொம்பு நட்ட வழியிலேயே வந்தான். முன் சக்கரம் முதலில் போனது. பிறகு லாரி முழுக்க, யாரோ கீழிருந்து பிடித்து இழுத்த மாதிரி. சத்தம் அப்புறம்தான் கேட்டது. வைக்கோல் கட்டுகள் மிதந்தன.

ஆற்றின் முழு அகலத்தையும் ஓடினேன். கத்தினேன் என்கிறார்கள், எனக்கு நினைவில்லை. ஓட்டையின் விளிம்பில் குப்புறப் படுத்துக் கையை விட்டேன். அப்போதுதான் அந்த விளிம்பு என் கையில் பட்டது. உடைந்த ஓரம். என் சாண் எட்டு அங்குலம். ஒரு சாண்தான் இருந்தது.

புத்தகத்தில் அந்த இடத்துக்கு இருபது என்று எழுதியிருக்கிறேன்.

அது ஒன்பதாவது துளை வரவேண்டிய இடம்.

முந்தின வாரம் அளந்த பிறகு அடியில் மணல்திட்டு நகர்ந்து, நீரோட்டத்தைக் கிழக்கே தள்ளியிருக்கிறது. மேலே பனி வளர வளர அடியில் தண்ணீர் தின்றிருக்கிறது. துளை போட்டிருந்தால் முதல் திருகிலேயே தெரிந்திருக்கும். பனி தாங்கும் லேசான வண்டிகளெல்லாம் மூன்று நாளாக அதன் மேல் போய் வந்திருக்கின்றன. கடவுளே.

மறுநாள் மதியம்தான் வெளியே எடுத்தார்கள். ஒரு கை கதவுப் பிடியில் இருந்ததாம்.

ஜனவரி 17

குன்றின் மேல் கல்லறை மண் இரும்பாக இருந்தது. இரண்டு நாள் வைக்கோலும் பழைய டயரும் எரித்து இளக்கித்தான் தோண்டினார்கள். சவப்பெட்டி இறங்கும்போதும் புகை நாற்றம் போகவில்லை. அங்கிருந்து பார்த்தால் மூன்று தானியக் கோபுரங்கள், தண்ணீர்த் தொட்டி, நடுவில் வெள்ளையாக ஆறு, எல்லாம் தெரியும். நான் என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிக்னி என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் தோளை! அவள் பெண் காரினுக்கு ஒன்பது வயது. என் கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றது.

ஆர்விடின் அப்பா ஹால்வர் கிழவர் குழிப் பக்கமே வரவில்லை. வேலிக்கு வெளியே, காருக்குள்ளேயே இருந்தார்.

ஜனவரி 23

நெடுஞ்சாலை இலாகாவிலிருந்து ப்ரௌஸ் வந்தார், இளவயது அதிகாரி. பனிப்பாதையை இந்த வருஷத்துக்கு மூடியாகிவிட்டது. அளவுப் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"பதினொரு வருஷமா ஒரு செவ்வாய்கூட விட்டதில்லையே நீங்க."

நான் காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன்.

"இருபது அங்குலம் இருந்திருக்கு. அதுலயும் உள்ள போயிருக்குன்னா ஒண்ணு ஆறு ஏமாத்தியிருக்கணும், இல்ல அவர் ரொம்ப ஏத்தியிருக்கணும். மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்கம்மா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

காப்பி கொடுத்தேன். நன்றி சொன்னேன். ஆமாம், நன்றி சொன்னேன்.

பிப்ரவரி 2

கிம் கடையில் ரொட்டி வாங்கப் போனேன். ஜன்னலோர மேசையில் வழக்கமான கூட்டம். தபால் ஆபீஸ்காரர் மெட்ரோதான் பேசிக்கொண்டிருந்தார்.

"நல்ல பையன்தான், இல்லேங்கல. ஆனா ரெண்டு நடையில கொண்டுவர வேண்டியத ஒரே நடையில அடிச்சிடணும் அவனுக்கு. பலகையில எழுதியிருந்தா படிக்க வேணாமா?"

"நானும் அதத்தான் சொன்னேன். ஏழு டன்னாவது இருக்கும்."

"எட்டு."

என்னைப் பார்த்ததும் மெட்ரோ எழுந்து தொப்பியைக் கழற்றினார். "தெக்லா, நீ தப்பா எடுத்துக்காத. யாரும் உன்னக் குத்தம் சொல்லல." கல்லாவில் நின்ற கிம் என் முகத்தைப் பார்த்துவிட்டு ரொட்டியோடு ஒரு துண்டு ஆப்பிள் கேக்கும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அதைத் தின்றேன். முழுக்கத் தின்றேன். என்ன ஜென்மம் நான்?

பிப்ரவரி 11

இன்றைக்கு எழுத ஒன்றும் இல்லை. எட்டு டன் இப்போது ஒன்பது டன் ஆகிவிட்டது.

பிப்ரவரி 20

சிக்னி வந்தாள். ஆற்றின் மேல் வந்தால் பத்து நிமிஷம். இப்போது பாலத்தைச் சுற்றி எழுபது மைல்.

வந்தவள் அழவில்லை. கோபமாக இருந்தாள்.

"அவர் பூட்ஸ், கோட்டு எல்லாத்தையும் தூக்கிக் களஞ்சியத்துல வீசிட்டேன்க்கா. கண்ணுல படவே கூடாது. கொஞ்சம் கட்டக் கொறச்சு ஏத்தியிருந்தா என்ன? எங்கள நெனச்சாரா? ஒரே ஒரு நடை மிச்சம்னு எங்கள விட்டுட்டுப் போயிட்டாரு."

"அப்படிச் சொல்லாதடி."

"ஊரே சொல்லுது, நான் சொன்னா என்ன? காரின் பள்ளிக்கூடத்துல கேட்டுட்டு வந்து என்கிட்டக் கேக்குறா, அப்பாவுக்குப் படிக்கத் தெரியாதாம்மான்னு."

நான் எழுந்துபோய்க் குழாயைத் திறந்து, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

பிப்ரவரி 21

அவன் தாங்குமா என்று கேட்டான். கேட்டுவிட்டுத்தான் வந்தான்.

மார்ச் 5

குளிர் விட ஆரம்பித்திருக்கிறது. ஓட்டை விழுந்த இடம் என்றைக்கோ மூடி உறைந்துவிட்டது. கொஞ்சம் கருத்துத் தெரிகிறது, அவ்வளவுதான். வேறு யாருக்கும் தெரியாது, நான் மட்டும்தான் தினமும் பார்க்கிறேன்.

இப்படியே இருந்துவிடலாம். யாரும் கேட்கப் போவதில்லை. இன்னும் நாலு வருஷத்தில் எனக்கு ஓய்வு. செத்தவன் ஏற்றிய எடை எட்டு டன்னாக இருந்தால் என்ன, ஒன்பதாக இருந்தால் என்ன?

அந்தக் குழந்தை கேட்டதே.

மார்ச் 18, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சிக்னி வீட்டுச் சமையலறை. மதியம். காரின் வெளியே பனியில் விளையாடிக்கொண்டிருந்தாள், கிழவர் தன் அறையில் இருந்தார். சிக்னி உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நின்றுகொண்டே சொன்னேன். எட்டுத் துளை போட்டேன், நாலு போடவில்லை, போட்டதாக எழுதினேன். அந்த இடத்தில் எட்டு அங்குலம்தான் இருந்தது. காலி லாரி வந்திருந்தாலும் உள்ளேதான் போயிருக்கும். பாரத்தால் இல்லை, ஆர்விடால் இல்லை.

அவள் கையிலிருந்த கத்தி நின்றது. என்னைப் பார்க்கவில்லை.

"அந்த நாலு துளை போட எவ்வளவு நேரம் ஆகும்?"

"இருபது நிமிஷம்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நானும் நின்றேன். அடுப்பில் தண்ணீர் கொதித்து வழிந்தது, அவள் எழவில்லை, நானும் நகரவில்லை. வெளியே காரின் எதற்கோ சிரித்தாள். இவ்வளவு நீளமான நேரத்தை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை.

இருபது நிமிஷம் ஆனதும் சொன்னாள்.

"இவ்வளவுதானா."

அப்புறம், "கிளம்பு."

வாசல் வரை மட்டும் பின்னாலேயே வந்தாள். "ரெண்டு மாசமா செத்த மனுஷனத் திட்டிக்கிட்டு இருந்தேனே. நீ பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தியே. துளைய விடு. அத எப்படிக்கா செஞ்ச?"

 

மார்ச் 20

இலாகாவுக்கு எழுதிவிட்டேன். இரண்டே பத்தி. மெட்ரோவின் ஜன்னலில் கொடுத்து, நகல் ஒன்றை அவர் கையிலும் கொடுத்தேன், படியுங்கள், எல்லோருக்கும் சொல்லுங்கள் என்று. இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இத அனுப்பத்தான் வேணுமா?"

"ஸ்டாம்ப் அடிங்க."

அடித்தார்.

ஏப்ரல் 14

பனி உடைந்து போகிறது. கட்டை கட்டையாக, கரையை அரைத்துக்கொண்டு. ஜன்னலடியில் ஒரு வைக்கோல் கட்டு ஒதுங்கிக் கிடக்கிறது. கறுத்துப்போய். தொடவில்லை.

ஏப்ரல் 27

பதில் வந்துவிட்டது. எனக்கு வேலை இல்லை. அது எதிர்பார்த்ததுதான். அடுத்த வரியை எதிர்பார்க்கவில்லை. பாதுகாப்பைக் கருதி எல்ஸ்பெத் ஊர்ப் படகுத்துறையில் ஆற்றைக் கடக்கும் வசதி கோடை, குளிர் இரண்டுக்கும் நிரந்தரமாக நிறுத்தப்படுகிறது. மிதவை கிடையாது, பனிப்பாதையும் கிடையாது.

ரொம்ப நாளாகவே காரணம் தேடிக்கொண்டிருந்தார்களாம். நான் கொடுத்துவிட்டேன்.

மே 3

ஐஸ் சறுக்கு மைதானக் கூடத்தில் ஊர்க் கூட்டம். நூற்றுப்பத்து பேர் இருக்கும். நானும் போனேன். போகாமல் இருப்பது கோழைத்தனம் என்று நினைத்தேன். மறுபடி யோசித்தால், திட்டு வாங்கினால் கொஞ்சம் லேசாகும் என்று போனேன் போலிருக்கிறது. லேசாகவில்லை.

அக்கரை விவசாயிகள் பாதிப்பேர் இங்கேதான் தானியம் போடுகிறார்கள், இங்கேதான் சாமான் வாங்குகிறார்கள், இங்கேதான் பிள்ளை பெறுகிறார்கள். இனி எழுபது மைல் சுற்றி எவன் வருவான்?

மெட்ரோ எழுந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"தெக்லா, ஒண்ணு மட்டும் சொல்லு. நீ எழுதினதால ஆர்விட் திரும்பி வந்தானா?"

"இல்ல."

"சிக்னிக்கு ஏதாவது நல்லது நடந்துச்சா?"

சிக்னி வந்திருக்கவில்லை. "தெரியல."

"அப்ப யாருக்காக எழுதின? உனக்குப் பாரம் இறங்கணும்னு ஊர ஆத்துல எறக்கிட்டியே."

யாரும் கை தட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. எல்லோரும் தலையை மட்டும் ஆட்டினார்கள். கிம்கூட.

அவர் சொன்னது சரியா? முழுக்கத் தவறு என்று சொல்ல முடியவில்லை.

மே 19

ஆற்றங்கரை வீட்டைக் காலி செய்தேன், அது இலாகாவின் வீடு. லூத்தரன் கோயிலுக்குப் பின்னால் ஒரு அறை. ஜன்னலில் ஆறு தெரியாது. நல்லதுதான்.

ஜூன் 24

சிக்னியிடமிருந்து ஒன்றுமில்லை. போன் செய்தால் காரின் எடுக்கிறாள், "அம்மா இல்ல பெரியம்மா" என்கிறாள். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்கிறது.

ஜூலை 30

ஊர் நுழைவில் மெட்ரோ எழுப்பிய பெரிய சிமெண்ட் மீனுக்கு இந்த வருஷம் பெயின்ட் அடிக்கவில்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவரே சொன்னாராம். கிம் கடை மதியத்துக்கு மேல் திறப்பதில்லை. நடுத் தானியக் கோபுரத்தை மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். இதெல்லாம் எப்படியும் நடந்திருக்கும் என்று பாதிரியார் சொன்னார். எப்படியும் நடந்திருக்கும்தான். ஆனால் என்னால் நடந்தது.

ரொட்டி வாங்கப் போனால் வரிசையில் எனக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு ஆள் நிற்கிற இடம் காலியாக இருக்கிறது. யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்வதில்லை. நல்ல ஜனங்கள்.

ஆகஸ்ட் 16

நான் பிறந்த நாள். ஐம்பத்தைந்து.

செப்டம்பர் 22

மிதவையை வந்து வெட்டினார்கள். தீப்பொறியைத் தூரத்திலிருந்து பார்த்தேன். மூன்று லாரி இரும்பு. இரண்டு மணி நேரத்தில் முடிந்தது.

நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை இருக்கிறதாம். எழுதிப் போடலாமா? போனால் ஓடிவிட்டாள் என்பார்கள். இருந்தால் மட்டும் என்ன?

அக்டோபர் 4

சிக்னி போன் செய்தாள். ஏழு மாசத்தில் முதல் தடவை. குரல் வறண்டிருந்தது.

"மாமனார் படுத்துட்டார். சாப்பிட மாட்டேங்கிறார். உன்கிட்ட ஏதோ கேக்கணுமாம்."

"என்ன கேக்கணும்?"

"எனக்கென்ன தெரியும். வர்றதுன்னா வா. எனக்காக வராத."

அக்டோபர் 6, சனி

எழுபது மைல் சுற்றிப் போனேன். வயல்களில் அறுவடை முடிந்துவிட்டது. பாலத்துக்கு முன்னால் ஓரமாக நிறுத்திவிட்டுப் பிறகு போனேன்.

சிக்னி கதவைத் திறந்து ஒதுங்கி நின்றாள். இளைத்திருக்கிறாள். உட்காரச் சொல்லவில்லை. நேரே அறைக்குக் கூட்டிப்போனாள். காரின் என்னைப் பார்த்ததும் ஓடி வரப்போனவள், அம்மா முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

ஹால்வர் கிழவர் தலையணையில் சாய்ந்திருந்தார். அந்தப் பெரிய ஆள் பாதியாகியிருந்தார். பேசச் சிரமப்பட்டார்.

"இலாகாவுக்கு ஏதோ எழுதினியாமே."

"ஆமா மாமா."

"உன் தங்கச்சிக்காக எழுதினியா? அவ புருஷன் பேரு கெடக் கூடாதுன்னு?"

"இல்ல மாமா. நடந்தத எழுதினேன்."

"பொய் சொல்லாத. நான் சாகப்போறவன்."

"பொய் இல்ல."

சிக்னியும் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கிழவர் கூரையைப் பார்த்தபடி சொன்னார். 

"அன்னைக்குக் காலைல லாரி ரொம்பிருச்சு, போதும்ப்பான்னான். நான்தான் விடல. இன்னும் பதினஞ்சு கட்டு ஏத்துன்னேன். முடியாதுன்னான். ஆத்தப் பாத்துப் பயப்படுற பொட்டப்பயலான்னு கேட்டேன். ஒண்ணும் பேசாம ஏத்தினான். ஒண்ணும் பேசாமயே போனான்."

சிக்னி சுவரைப் பிடித்துக்கொண்டாள். இது அவளுக்கும் புதிது என்று தெரிந்தது.

"ஊர்ல எல்லாரும் பாரம் பாரம்னாங்க. இவளும் சொன்னா. நான் யாருகிட்டயும் வாயத் தொறக்கல. என் புள்ளயத் திட்டுறத ரெண்டு மாசமா கேட்டுக்கிட்டே இருந்தேன்."

அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு நாற்காலி இருந்தது. அதில் உட்கார்ந்தேன், யாரும் சொல்லாமலே. உட்கார்ந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். குளிர். விரல் வெளுத்தது. எட்டுத் துளை. எழுதிய பொய். விளிம்பில் என் கை. அந்தப் பதினைந்து கட்டையும் இறக்கியிருந்தாலும், எல்லாக் கட்டையும் இறக்கியிருந்தாலும், லாரி அந்த இடத்தில் விழுந்திருக்கும் என்று சொன்னேன்.

"காலி லாரின்னாலுமா?"

"காலி லாரின்னாலும்."

அவர் என்னை மன்னிக்கிற மாதிரி எதுவும் சொல்லவில்லை. அப்படி ஒன்றை நானும் கேட்டுப் போகவில்லை. வெறுப்பாகத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். ஆனால் தலையை மெதுவாகத் திருப்பி, நன்றாகக் கேட்கிற வலது காதை என் பக்கம் கொடுத்தார்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

சொன்னேன்.

கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தடவ" என்றார்.

மறுபடி குளிரிலிருந்து ஆரம்பித்தேன்.